‘ஹேண்ட்’ என்ற ஒரு சொல்லும் அதைச் சுற்றிய ஆங்கிலத் தொடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்களும், தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலம் பழகுகிறவர்களும் ‘ஹேண்ட்’ என்ற சொல்லில் இடறி விழுவதை, மொழிபெயர்ப்புப் படிகளைத் திருத்தும் என் வேலையில் நாள்தோறும் பார்க்கிறேன். கடினமான சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள். கை என்பது தெரிந்த சொல் என்பதாலேயே நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் விடைகளும் கீழே உள்ளன. ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

ஒரே ஒரு சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஏன் இத்தனை தொடர்கள் இருக்கின்றன?

மனிதன் செய்கிற வேலை பெரும்பாலும் கையால் செய்கிற வேலை என்பதுதான் முதற்காரணம். கப்பலில் கயிறு இழுத்தவனும், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவனும், மேசையில் சீட்டு ஆடியவனும், நீதிமன்றத்தில் வாதாடியவனும் அவரவர் தொழிலிலிருந்து ஆளுக்குச் சில தொடர்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தொழில் வழக்கொழிந்த பிறகும் தொடர் மட்டும் ஊர்ப் பேச்சில் நின்றுவிட்டது. ஆகவே இத்தொடர்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் எந்தத் தொழிலில் பிறந்தது என்று பார்த்துப் படிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. பிறந்த இடம் தெரிந்தால் எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

தமிழிலும் இதே கதைதான். ஒரு சிக்கலைக் ‘கையாள்வது’ என்று நாம் சொல்வதற்கும், ஆங்கிலத்தில் ‘ஹேண்டில்’ என்று சொல்வதற்கும் அடியில் இருப்பது ஒரே படம். ‘மேனேஜ்’ என்ற சொல்லும் குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல் வழியாக, கை என்று பொருள்படும் ‘மானுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. அழகனைக் குறிக்கும் ‘ஹேண்ட்சம்’ கூட, தொடக்கத்தில் கையாள எளிதானது என்ற பொருளில்தான் வழங்கியது.

‘காட் ரெட் ஹேண்டட்’ என்பதைச் ‘சிவந்த கையுடன் பிடிபட்டார்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ஒரு முறை என் மேசைக்கு வந்த படியில் இதே வாக்கியம் இருந்தது. லஞ்சம் வாங்கிய ஊழியர் ஒருவரைப் பற்றிய செய்தி அது. தமிழில் ‘கொடுத்துச் சிவந்த கை’ என்பது வள்ளலின் கை. லஞ்சம் வாங்கியவரைத் தெரியாமல் வள்ளல் ஆக்கிவிட்டோமே என்று மொழிபெயர்த்தவரிடம் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார்.

ஆங்கிலத் தொடரில் உள்ள சிவப்பு இரத்தத்தின் சிவப்பு. கொலை செய்தவன் கையில் இரத்தம் காயாத நிலையிலேயே பிடிபடுவதைக் குறித்த இச்சொல், ஸ்காட்லாந்துச் சட்டமொழியில் பிறந்தது. 1432இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துச் சட்டத்திலேயே இதன் பழைய வடிவம் இருக்கிறது. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலுக்குப் பிறகு இன்றைய வடிவம் பரவலாயிற்று. தமிழில் இதற்கு நேரான தொடர் ‘கையும் களவுமாக’ என்பது. நம்முடைய தொடரில் இரத்தம் கிடையாது. களவுப் பொருளோடு கை பிடிபடுகிறது. அதனால் திருட்டுக்கும் லஞ்சத்துக்கும் ஆங்கிலத் தொடரைவிட இது பொருத்தமாகவே அமைகிறது.

லஞ்ச ஒழிப்புத் துறையினர் வலைவிரிக்கும்போது ரூபாய் நோட்டுகளில் ஃபினாப்தலீன் என்ற பொடியைத் தடவிக் கொடுத்தனுப்புகிறார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலத் தொடர் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுகிறது. ஆனாலும் நாளிதழ்கள் ‘கையும் களவுமாக’ என்றே எழுதுகின்றன, அதுவே சரி.

‘அப்பர் ஹேண்ட்’ என்பதற்கும் ‘கை ஓங்கியது’ என்பதற்கும் வேறுபாடு உண்டா?

பொருளில் இரண்டும் ஒன்றே. எதிராளியைவிட வலுவான நிலையில் இருப்பது. சிறுவர்கள் பேஸ்பால் மட்டையை மாறி மாறிப் பிடித்து, யார் கை மேலே முடிகிறதோ அவர் முதலில் ஆள் பொறுக்கும் பழக்கத்திலிருந்து ஆங்கிலத் தொடர் பிறந்ததாக ஒரு கதை உலவுகிறது. தொடர் 15ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது, பேஸ்பாலோ மிகவும் பிற்காலத்தது. எனவே கதையை நம்ப வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படுவது தமிழ்ப் பக்கத்தில்தான். ‘அவன் கை ஓங்கியது’ என்றால் அவன் மேல்நிலை அடைந்தான். ‘அவன் கையை ஓங்கினான்’ என்றால் அடிக்கப் போனான். ஒரு வேற்றுமை உருபு கூடியதில் பேச்சுவார்த்தை அடிதடியாகிவிடும். தேர்தல் செய்தி ஒன்றில் ‘வேட்பாளர் மூன்றாவது சுற்றில் கையை ஓங்கினார்’ என்று வந்திருந்ததைத் திருத்தியிருக்கிறேன்.

சீட்டாட்டத்திலிருந்து வந்தவை எவை?

ஆட்டக்காரர் ஒருவர் பிடித்திருக்கும் சீட்டுகளின் தொகுதிக்கு ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்றே பெயர். இதை அறிந்துகொண்டால் ஒரு கொத்துத் தொடர்கள் ஒரே நேரத்தில் விளங்கிவிடும். ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்றால், மனத்தில் வைத்திருக்கும் திட்டத்தை வெளிக்காட்டுவது. ‘ஃபோர்ஸ் சம்ஒன்ஸ் ஹேண்ட்’ என்றால், ஒருவர் தாம் விரும்பும் நேரத்துக்கு முன்பே முடிவெடுக்கும்படி நெருக்குவது. கையை முறுக்குவது என்று நினைக்கக் கூடாது. ‘ஓவர்ப்ளே யுவர் ஹேண்ட்’ என்றால், தன்னிடம் உள்ள பலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது.

‘அரசு எதிர்க்கட்சியின் கையை வலுக்கட்டாயப்படுத்தியது’ போன்ற வாக்கியங்கள் அச்சில் வருவதற்குக் காரணம், இத்தொடர்களில் உள்ள கை உடம்பில் உள்ள கை என்று எண்ணிக்கொள்வதே. ‘வேறு வழியில்லாமல் முடிவெடுக்க வைத்தது’ என்று எளிமையாக எழுதிவிட்டால் போதும்.

‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்பதில் கைகள் எங்கிருந்து வந்தன?

கப்பலில் வேலை செய்யும் மாலுமியைக் ‘ஹேண்ட்’ என்று அழைப்பது பழைய வழக்கம். புயலோ வேறு ஆபத்தோ வந்தால் எல்லா மாலுமிகளும் மேல்தளத்துக்கு வர வேண்டும் என்ற கட்டளையே இது. இன்று அலுவலகங்களில், எல்லாரும் சேர்ந்து இறங்கினால்தான் வேலை முடியும் என்ற நிலையைக் குறிக்கிறது. ‘ஷார்ட் ஹேண்டட்’ என்றால் ஆள் பற்றாக்குறை. ‘ஓல்ட் ஹேண்ட்’ என்றால் பழந்தின்று கொட்டை போட்டவர். ‘ஷார்ட் ஹேண்டட்’ என்பதைச் சுருக்கெழுத்தோடு குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆளைக் கை என்று சொல்வது நமக்கும் புதிதில்லை. ‘ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது, வர்றியா?’ என்று சீட்டாடுபவர்கள் கூப்பிடுவதில் அதே ஆகுபெயர்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இவ்வழக்கம் கப்பலோடு நிற்காமல் பண்ணைக்கும், பிறகு ஆலைக்கும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முதலாளிகள் தொழிலாளிகளைக் ‘ஹேண்ட்ஸ்’ என்றே கணக்கில் எழுதினார்கள். இவர்களுக்கு வயிறும் மனமும் இல்லாமல் கை மட்டுமே இருந்திருந்தால் சிலருக்கு வசதியாக இருந்திருக்கும் என்ற பொருள்பட, 1854இல் வெளிவந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் சார்லஸ் டிக்கன்ஸ் இந்தச் சொல்லைக் குத்திக்காட்டினார்.

‘ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்’ என்பதும் கடலிலிருந்து வந்ததுதான். மாலுமி ஒரு கைக்கு மேல் மறு கை வைத்துக் கயிற்றில் விறுவிறுவென்று ஏறுவதைக் குறித்த இத்தொடர், இன்று பணத்துக்கே பெரிதும் பயன்படுகிறது: ஒருவர் பணத்தை அள்ளிக் குவிக்கிறார், அல்லது அதே வேகத்தில் இழக்கிறார்.

‘ஹேண்ட்ஸ் டவுன்’ என்றால் தோல்வியா, வெற்றியா?

எளிதான வெற்றி. பந்தயத்தில் வெகுதூரம் முந்திவிட்ட குதிரைக்காரர், குதிரையை விரட்ட வேண்டிய தேவை இல்லாததால் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்தியபடியே எல்லைக்கோட்டைக் கடப்பார். இது 19ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பந்தயப் பேச்சு. ‘கைகளைக் கீழே போட்டபடி வென்றார்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் சரணடைந்தவரின் உருவமே எழும். ‘அநாயாசமாக வென்றார்’, ‘ஊதித் தள்ளிவிட்டார்’ என்பவை பொருந்தும்.

‘ஹேண்டிகேப்’ என்ற சொல், தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்தவர்களிடமிருந்து வந்தது என்கிறார்களே?

அது பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை. உண்மையில் இது ‘ஹேண்ட் இன் கேப்’ என்ற பண்டமாற்று விளையாட்டின் பெயர். நாட்குறிப்புக்காகப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ், அந்த நாட்குறிப்பில் 1660 செப்டம்பர் 18 அன்று, தாம் அதற்கு முன் அறியாத விளையாட்டு என்று இதைக் குறித்திருக்கிறார்.

ஆட்டம் இப்படி நடக்கும். இரண்டு பேர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள்; ஒருவரிடம் கடிகாரம், மற்றவரிடம் மேலங்கி என்று வைத்துக்கொள்வோம். நடுவர் ஒருவர் இரண்டின் மதிப்பையும் எடைபோட்டு, குறைந்த பொருளை வைத்திருப்பவர் மேற்கொண்டு இவ்வளவு தர வேண்டும் என்பார். மூவரும் சிறு தொகையைத் தொப்பியில் போட்டிருப்பார்கள். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு, நடுவர் சொன்னதற்குச் சம்மதமா இல்லையா என்பதைக் கையை விரித்தோ மூடியோ எடுத்துக் காட்டுவார்கள். ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் இந்த எண்ணம் 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் போயிற்று. வேகமான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றினார்கள். அந்தச் சுமையிலிருந்து ‘பின்னடைவு’ என்ற பொருள் வந்தது. உடற்குறையைக் குறிக்கும் வழக்கு 20ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. பிச்சைக் கதை பொய் என்றாலும், மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க இச்சொல்லை இன்று ஆங்கிலத்தில் தவிர்க்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘செகண்ட் ஹேண்ட்’ என்றால் இரண்டாவது உரிமையாளர் என்று பொருளா?

இல்லை. முன்பே ஒருவர் கையில் இருந்தது என்பதே பொருள். எத்தனை கை மாறியது என்ற கணக்கு அதில் இல்லை. நம் ஊர் வாகனத் தரகர்கள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ‘செகண்ட் ஹேண்ட் வண்டிதான் சார், தேர்ட் ஓனர்’ என்று ஒரே மூச்சில் அவர்கள் சொல்வதில் முரண்பாடு ஏதும் இல்லை. ‘கேள்விப்பட்ட செய்தி’ என்ற பொருளும் இத்தொடருக்கு உண்டு; நேரில் கண்டறிந்தது ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’. கடிகாரத்தில் உள்ள ‘செகண்ட் ஹேண்ட்’ முற்றிலும் வேறு. அங்கே ‘செகண்ட்’ வினாடி, ‘ஹேண்ட்’ முள்.

‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ்’ என்பதும் ‘கை கழுவுதல்’ என்பதும் ஒன்றுதானே?

நெருக்கமானவை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே வைக்க முடியாது. ஆங்கிலத் தொடர் விவிலியத்திலிருந்து வந்தது. மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில், உரோமை ஆளுநர் பிலாத்து மக்கள் முன்னிலையில் தண்ணீர் எடுத்துக் கைகளைக் கழுவி, இயேசுவின் இரத்தப்பழி தன்னைச் சேராது என்கிறான். அதனால் ஆங்கிலத்தில் அழுத்தம் முழுவதும் பொறுப்பின் மேல் விழுகிறது. தமிழில் ‘அவனைக் கை கழுவிட்டாங்க’ என்று சொல்லும்போது அழுத்தம் கைவிடப்பட்டவனின் மேல் விழுகிறது. ஒரு திட்டத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று அமைச்சர் அறிவித்தால், ‘கை கழுவினார்’ என்பதைவிடப் ‘பொறுப்பைத் தட்டிக்கழித்தார்’ என்பதே எனக்குத் துல்லியமாகப் படுகிறது.

‘இன் ஹேண்ட்’, ‘அட் ஹேண்ட்’, ‘ஆன் ஹேண்ட்’, ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

முன்னால் வரும் சிறு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால், இங்கே குறுக்குவழி கிடையாது. தனித்தனியாகவே பழக வேண்டும். ‘அட் ஹேண்ட்’ என்பது கைக்கெட்டும் தொலைவையோ, நெருங்கிவிட்ட நேரத்தையோ குறிக்கும். ‘ஆன் ஹேண்ட்’ என்பது கையிருப்பு; உதவத் தயாராக ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதற்கும் அதுவே. ‘இன் ஹேண்ட்’ என்பது இப்போது கவனித்துக்கொண்டிருக்கும் வேலை, அல்லது கட்டுக்குள் இருக்கும் நிலைமை.

‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ இருவகைப்படும். நிலைமை ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ ஆனால் அது கைமீறிப் போய்விட்டது. இங்கே தமிழும் ஆங்கிலமும் அருமையாக ஒத்துப்போகின்றன. ஒரு கோரிக்கையை ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ மறுத்தால், எடுத்த எடுப்பிலேயே, யோசிக்காமல் மறுத்ததாகப் பொருள்.

சம்பளம் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் ‘இன் ஹேண்ட் சாலரி’ என்கிறோம். பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் தொகை என்று இந்தியர்களுக்கு இது புரியும். பிரிட்டனில் அதற்கு ‘டேக் ஹோம் பே’ என்பார்கள். ‘கேஷ் இன் ஹேண்ட்’ என்றால் அங்கே பெரும்பாலும் வரிக் கணக்கில் வராமல் ரொக்கமாகக் கொடுக்கும் கூலியையே நினைப்பார்கள். வெளிநாட்டு நேர்காணலில் இதைச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

கட்டுரையில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ எப்போது எழுதலாம்?

முன்னே சொன்னதற்கு மாறான பக்கத்தைக் காட்டும்போது மட்டும். ‘மேலும்’ என்ற இடத்தில் இதை எழுதுவது தேர்வுத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை. தமிழில் ‘மறுபுறம்’ என்பது செய்யும் வேலையையே இது செய்கிறது.

‘கிவ் ஹிம் எ ஹேண்ட்’ என்றால் உதவுவதா, கைதட்டுவதா?

இரண்டும் உண்டு, இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மேடையில் நிற்பவர் ‘பிக்’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னால் கைதட்டல். பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்பவரைக் காட்டிச் சொன்னால் உதவி. பின்னதற்கு ‘ஒரு கை போடுங்க’ என்ற நம் வழக்கு அச்சாகப் பொருந்தும்.

‘ஹேண்ட் இன் ஹேண்ட்’, ‘ஹேண்ட் இன் க்ளவ்’ இரண்டும் ஒன்றா?

முதலாவது இணைந்து செல்வதைச் சொல்லும் நல்ல தொடர். இரண்டாவதில் கையும் கையுறையும் போன்ற நெருக்கம் பேசப்படுகிறது. முற்காலத்தில் வெறும் நட்பைக் குறித்தாலும், இன்றைய ஆங்கில நாளிதழ்களில் கள்ளக் கூட்டையே குறிக்கிறது. ‘காவல்துறையினர் மணல் கடத்தல்காரர்களோடு ஹேண்ட் இன் க்ளவ்’ என்று வந்தால், ‘உடந்தை’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லில் முடித்துவிடலாம்.

‘ஃபாரின் ஹேண்ட்’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுக் குழப்பங்களுக்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி இருக்கிறது என்று இந்திரா காந்தி அடிக்கடி சொன்னதால் 1970களில் இந்திய ஆங்கிலத்தில் நிலைத்த தொடர் இது. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய ‘இன்விசிபிள் ஹேண்ட்’ என்பதற்கும் இதற்கும் உறவில்லை. ஸ்மித் சொன்னது, அவரவர் தம் நலனைத் தேடும்போது சந்தை வழியாகச் சமூகத்துக்கும் நன்மை விளைவதை. ‘மறைமுகக் கை’ என்று அதை மொழிபெயர்த்தால் சதியாகத் தோன்றும். ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ என்றே எழுதுவது நல்லது.

‘பைட் தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ் யூ’ என்பதைக் ‘கையைக் கடிப்பது’ எனலாமா?

கூடவே கூடாது. தமிழில் ‘கையைக் கடிக்குது’ என்றால் செலவு வரவை மிஞ்சிவிட்டது. ஆங்கிலத் தொடர் சொல்வது நன்றிகெட்ட செயலை. அதற்கு ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்ற அருமையான தொடர் நம்மிடம் இருக்கிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாகி மிச்சமே இல்லாத வாழ்க்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹேண்ட் டு மவுத்’ என்று பெயர். கரண்டி இல்லாமல் கையால் சாப்பிடுவதை இது குறிக்கிறது என்று ஒரு மாணவர் உறுதியாக வாதிட்டார். அன்றாடங்காய்ச்சியின் பிழைப்பு என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்.

கையைக் கொண்ட ஆங்கிலப் பழமொழிகளுக்கு நேரான தமிழ்ப் பழமொழிகள் உண்டா?

பெரும்பாலும் உண்டு, ஆனால் அவற்றில் கை இருக்காது. புதரில் உள்ள இரண்டு பறவைகளைவிடக் கையில் உள்ள ஒன்று மேல் என்பதற்கு, ‘கிடைக்கப் போகிற பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல்’ இருக்கிறது. ‘மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வொர்க்’ என்பதற்கு ஊர் கூடித் தேர் இழுப்பதைச் சொல்லலாம். இதில் வரும் ‘லைட்’ எளிதானது என்ற பொருளில் வருகிறது. விளக்கு வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயர்களே இதை வைத்துச் சிலேடை செய்வதுண்டு.

நம் ‘கை’ தொடர்களை ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ கொண்டே சொல்லலாமா?

சிலவற்றைச் சொல்லலாம். ‘இதில் அவன் கை இருக்கிறது’ என்பது ‘ஹேவ் எ ஹேண்ட் இன்’ என்று அப்படியே போகும். வெறுங்கையோடு திரும்புவது ‘எம்ப்டி ஹேண்டட்’. ‘கைமாத்து’ என்பதற்கு மட்டும் ‘ஹேண்ட்’ உதவாது. வட்டியில்லாமல், எழுத்தில்லாமல், இரண்டு நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் கடன் என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். ‘ஒரு கை பார்த்துடறேன்’ என்பதை அச்சொற்களிலேயே சொன்னால் கேட்பவர் உங்கள் கையை உற்றுப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் கடினமானது ‘கைராசி’. ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற மருத்துவரையும், நட்ட கன்றெல்லாம் தழைக்கிற பாட்டியையும் நாம் கைராசிக்காரர் என்கிறோம். பாட்டிக்காவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘க்ரீன் ஃபிங்கர்ஸ்’ என்று விரல்கள் இருக்கின்றன. மருத்துவருக்கு ‘லக்கி ஹேண்ட்’ இருக்கிறது என்று சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் அவருக்கு எந்தெந்தச் சீட்டுகள் விழுந்தன என்று கேட்கக்கூடும்.